அந்த மனைவிக்குத் தெரிந்திருக்குமா? மார்ட்டின் கெர் வழக்கும் ஒரு வரலாற்றாசிரியரின் "இருக்கலாம்"களும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சின் தடுமாற்றங்களை நீக்கியிருக்கிறேன். பேசும்போது விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)

இந்தத் தொடரில் வழக்கமாக ஒரு நூலாசிரியரை எதிரே உட்கார வைத்து, அவர் எழுதிய புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு விருந்தினர் இல்லை. நான் மட்டும்தான்.

போன எபிசோடில் ஒரு வரலாற்றுப் பேராசிரியரிடம் நான் கேட்ட கேள்வி உங்களுக்கு நினைவிருக்கலாம். "அந்தம்மா மனசுல என்ன நினைச்சாங்கன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" அவர் சிரித்துவிட்டு, "மார்ட்டின் கெர் சண்டையைப் படிங்க, எல்லாம் அதுலயே இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நானும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டேன். யார் அந்த மார்ட்டின் கெர், என்ன சண்டை என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதனால் இந்த முழு எபிசோடும் அதற்குத்தான்.

முதலில் கதை. கதை என்று சொல்கிறேனே தவிர, நடந்தது.

தெற்கு பிரான்சில், பிரனீஸ் மலையடிவாரத்தில் ஆர்த்திகா என்று ஒரு கிராமம். 1527-இல் பாஸ்க் நாட்டின் கடலோர ஊரான ஆந்தாயிலிருந்து ஒரு குடும்பம் இங்கே வந்து குடியேறுகிறது. அப்பா, அம்மா, சின்னப் பையன் மார்ட்டின், சித்தப்பா பியேர். நிலம் வாங்குகிறார்கள், ஓடு சுடும் சூளை போடுகிறார்கள், நன்றாகவே காலூன்றிவிடுகிறார்கள். 1538-இல் மார்ட்டினுக்கும் பெர்த்ராந்த் என்ற பெண்ணுக்கும் கல்யாணம். இரண்டு பேருமே பிள்ளைகள்தான். எட்டு வருஷம் அவர்களுக்குள் தாம்பத்திய உறவே இல்லை. மார்ட்டினால் முடியவில்லை. ஊர் கேலி பேசுகிறது. பெண் வீட்டார் அவளிடம் "பிரிந்து வந்துவிடு" என்கிறார்கள். சபையின் சட்டப்படி அது முடியும். அவள் மறுத்துவிடுகிறாள். இந்த மறுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கிழவி பரிகாரம் சொல்ல, பூசைகள் எல்லாம் நடந்து, ஒரு வழியாக ஒரு மகன் பிறக்கிறான்.

1548-இல் மார்ட்டின் தன் அப்பாவின் தானியத்தில் கொஞ்சம் திருடியதாகப் பிரச்சினை. பையன் ஊரைவிட்டே போய்விடுகிறான். சொல்லாமல் கொள்ளாமல். எட்டு வருஷம் ஒரு தகவலும் இல்லை. இடையில் அப்பா அம்மா இறந்துபோகிறார்கள். சொத்துப் பொறுப்பு சித்தப்பா பியேர் கைக்கு வருகிறது. பியேர், பெர்த்ராந்தின் விதவைத் தாயையே மணந்துகொள்கிறார்.

பெர்த்ராந்தின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. கணவன் செத்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லாமல் மறுமணம் செய்ய முடியாது. எத்தனை வருஷம் ஆனாலும் முடியாது.

1556-இல் ஒருவன் வருகிறான். "நான்தான் மார்ட்டின்." நாலு தங்கைகளும் அடையாளம் கண்டு கட்டிக்கொள்கிறார்கள். பெர்த்ராந்த் முதலில் பின்வாங்குகிறாள். அப்போது அவன், பெட்டியில் வைத்துவிட்டுப் போன என் வெள்ளைக் காலுடையை எடுத்து வா என்று, அது எங்கே இருக்கிறது என்பதோடு சேர்த்துச் சொல்கிறான். அவள் ஏற்றுக்கொள்கிறாள். மூன்று வருஷம் சேர்ந்து வாழ்கிறார்கள். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து, ஒன்று தங்குகிறது.

வந்தவன் மார்ட்டின் இல்லை. அவன் பெயர் ஆர்னோ து தில். பக்கத்து வட்டாரத்துக்காரன், நல்ல பேச்சுக்காரன், குடும்பங்களின் கதைகளையெல்லாம் விசாரித்து மனப்பாடமாக வைத்திருந்தவன். அந்த ஞாபக சக்தியைப் பார்த்து நீதிபதிகளே பின்னால் மிரண்டுபோயிருக்கிறார்கள்.

வினை எங்கே ஆரம்பித்தது என்று நினைக்கிறீர்கள்? நம்ம ஊர் மாதிரியேதான், சொத்துக் கணக்கில். "நான் இல்லாத வருஷங்களின் வருமானத்துக்குக் கணக்குக் காட்டுங்க" என்று புது மார்ட்டின் சித்தப்பாவிடம் கேட்கிறான். சித்தப்பாவுக்கு அப்போதுதான் கண் திறக்கிறது. இவனுக்குப் பாஸ்க் மொழி தெரியவில்லையே? வாள் பயிற்சி எங்கே போயிற்று? செருப்பு தைக்கிறவர் சொல்கிறார்: மார்ட்டினின் கால் அளவு 12, இவனுக்கு 9. கால் வளரும், சுருங்குமா?

1560 தொடக்கத்தில், பெர்த்ராந்தின் பெயரால் செயல்படுவதாகச் சொல்லி, பியேர் அவனைப் பிடித்துக் கொடுக்கிறார். ரியூ என்ற ஊரில் விசாரணை. ஏறக்குறைய 150 சாட்சிகள். 30-லிருந்து 40 பேர் இவன்தான் மார்ட்டின் என்கிறார்கள். அதைவிடச் சற்று அதிகமானவர்கள் இல்லவே இல்லை என்கிறார்கள். 60 பேருக்கு மேல் எங்களால் சொல்ல முடியாது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கண்ணாடியே அரிதான, படமே இல்லாத ஊரில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பார்த்த முகத்தை எத்தனை பேரால் உறுதியாகச் சொல்ல முடியும்? எனக்கு அந்த 60 பேரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

ரியூவில் குற்றவாளி என்று தீர்ப்பு. ஆர்னோ துலூஸ் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகிறான். அங்கே வழக்கை ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு ழான் தெ கோராஸ் என்ற நீதிபதிக்கு. புகழ்பெற்ற சட்ட அறிஞர். அவர் கைதியை விடுவிக்கும் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, 1560 ஜூலைக் கடைசியில், நீதிமன்றத்துக்குள் ஒரு மரக்கால் ஆள் வந்து நிற்கிறான். அசல் மார்ட்டின். ஸ்பெயினுக்குப் போய், புர்கோஸில் ஒரு கர்தினால் வீட்டில் வேலை பார்த்து, ஸ்பெயின் படையோடு சென்று, 1557-இல் சான்-காந்தான் போரில் காலை இழந்தவன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய விஷயங்களைக் கேட்டபோது, அசலைவிடப் போலிக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது!

ஆனாலும் தங்கைகள், சித்தப்பா, கடைசியில் பெர்த்ராந்த், எல்லோரும் மரக்காலனைத்தான் அடையாளம் காட்டினார்கள். அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அவன் இளகவில்லை. மற்றவர்கள் ஏமாந்தது சரி, மனைவிக்குத் தெரியாமல் போகுமா, இந்த வீட்டுக்கு வந்த கேட்டுக்கு நீதான் காரணம் என்ற பொருளில் அவள் முகத்துக்கு நேரே சொன்னான். செப்டம்பர் 12-இல் தீர்ப்பு. 16-இல் ஆர்த்திகாவில், மார்ட்டின் வீட்டு வாசலுக்கு முன்னாலேயே ஆர்னோவைத் தூக்கிலிட்டார்கள்.

பெர்த்ராந்தை நீதிமன்றம் தண்டிக்கவில்லை. அவள் நல்லெண்ணத்தில் ஏமாந்தாள் என்று எடுத்துக்கொண்டது. குழந்தையும் முறையாகப் பிறந்ததாக ஏற்கப்பட்டது.

அடுத்த வருஷமே, 1561-இல், கோராஸ் இந்த வழக்கைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். நமக்குக் கிடைத்த முக்கியமான ஆதாரம் அதுதான். துலூஸ் உயர் நீதிமன்றத்தின் குற்ற வழக்குகளில் 1600-க்கு முந்தைய சாட்சியப் பதிவுகள் இன்று இல்லை. அதாவது பெர்த்ராந்த் நீதிமன்றத்தில் என்ன பேசினாள் என்பது அவள் வாயால் நமக்கு வரவில்லை. ஒரு நீதிபதி கேட்டு, வடிகட்டி, எழுதியதுதான் மிஞ்சியிருக்கிறது.

சரி, இப்ப சண்டைக்கு வருவோம்.

1982-இல் டானியல் வீஞ் இயக்கத்தில் இது திரைப்படமாகிறது. ஜெரார் தெபார்தியூ நடித்தது. திரைக்கதையில் பங்கு ழான்-குளோத் கரியேருக்கு. பீட்டர் புரூக்கின் மகாபாரத நாடகத்தை எழுதினாரே, அவரேதான். அந்தப் படத்துக்கு வரலாற்று ஆலோசகராக இருந்தவர் நடாலி ஸெமோன் டேவிஸ். 1928-இல் பிறந்து 2023-இல் மறைந்த அமெரிக்க வரலாற்றாசிரியர். 16-ஆம் நூற்றாண்டு பிரான்சின் அச்சுத் தொழிலாளர்கள், பெண்கள், குடியானவர்கள் என்று, வழக்கமாக ராஜாக்களின் வரலாற்றில் இடம் கிடைக்காதவர்களைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவர்.

படம் எடுப்பதில் அவருக்கு உற்சாகம் இருந்தது. ஆனால் ஒரு குறையும் இருந்தது. சினிமாவில் "இருக்கலாம்" என்று ஒரு காட்சி எடுக்க முடியாது. ஒருத்தி கதவைத் திறந்தால் திறந்ததுதான். ஆவணத்தில் இருக்கிற ஓட்டைகளையும் சந்தேகங்களையும் எங்கே வைப்பது? அதற்காகவே அவர் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கிலத்தில் 1983-இல் "மார்ட்டின் கெர் திரும்பி வந்த கதை" என்கிற பொருள் தரும் தலைப்பில் வந்தது. சிறிய புத்தகம்தான்.

அதில் டேவிஸ் சொன்ன முக்கியமான விஷயம்: பெர்த்ராந்த் ஏமாறவில்லை. முதல் நாள் வேண்டுமானால் குழம்பியிருக்கலாம். ஆனால் ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் மூன்று வருஷம் வாழ்ந்தவளுக்கு இது வேறு ஆள் என்று தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான், வாய்விட்டோ விடாமலோ, அவன் மார்ட்டின் ஆவதற்கு அவள் துணை நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்தை உருவாக்கிக்கொண்டார்கள்.

எப்படித் தெரியும்? நான் கேட்ட அதே கேள்வி. டேவிஸ் கையில் எடுக்கும் துண்டுகளைப் பாருங்கள். ஒன்று, நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன மறுப்பு. எட்டு வருஷம் சொந்தக்காரர்களின் நெருக்கடிக்கு அசையாதவள் எளிதில் ஏமாறும் அப்பாவியா? இன்னொன்று, ஆர்னோ வேறொரு வழக்கில் சிறையிலிருந்து வீட்டுக்கு வந்த ராத்திரி அவள் அவனுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்து, கால் கழுவிவிட்டு, உள்ளே சேர்த்துக்கொண்டாள். மறுநாள் காலையில்தான் பியேர் அவனைப் பிடித்தது. பிடித்துக்கொண்டு போனபிறகும் சிறைக்குத் துணியும் பணமும் அனுப்பினாள். மூன்றாவது எனக்கு மறக்கவே மறக்காது. விசாரணையில் ஆர்னோ அவளைப் பார்த்து, "நான் உன் கணவன் இல்லை என்று சத்தியம் செய், சாவை ஏற்றுக்கொள்கிறேன்" என்கிற மாதிரிச் சொன்னான். அவள் சத்தியம் செய்யவில்லை. பேசாமல் நின்றாள்.

டேவிஸ் இன்னும் ஒரு படி போகிறார். வழக்கில் அவள் வாதியாகச் சேர்ந்தது சித்தப்பாவும் தாயும் கொடுத்த நெருக்கடியால். தோற்றுப்போகட்டும் என்ற நினைப்போடுதான் சேர்ந்திருப்பாள், ஜெயித்தாலும் தன் மானம் தப்பும்படி பார்த்துக்கொண்டாள் என்கிறார். அப்புறம், அந்த வட்டாரத்தில் பரவிக்கொண்டிருந்த சீர்திருத்தக் கிறித்தவத்தின் கருத்துகள் இருவருக்கும் ஒரு மனச்சமாதானம் தந்திருக்கலாம் என்றும் சொல்கிறார். இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் இழுப்பாக இருந்தது. கோராஸ் பின்னால் அந்தப் பக்கம் சேர்ந்தவர் என்பது உண்மை. 1572-இல் துலூஸில் ஒரு கும்பல் அவரைக் கொன்றதும் அதனால்தான். ஆனால் அந்தத் தம்பதி அப்படி நினைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் ரொம்ப மெல்லிசு. சங்கிலியில் பலவீனமான கண்ணி அது.

1988-இல் ராபர்ட் ஃபின்லே என்ற வரலாற்றாசிரியர், அமெரிக்க வரலாற்றுத் துறையின் முதன்மையான ஆய்விதழில் டேவிஸை நேருக்கு நேர் மறுத்து எழுதினார். அவர் வாதத்தை நான் கொச்சையாகச் சொல்கிறேன்: அம்மா, கோராஸ் சொன்னது அவள் ஏமாந்தாள் என்று. நீதிமன்றம் சொன்னது ஏமாந்தாள் என்று. தங்கைகள் ஏமாந்தார்கள், ஊரே ஏமாந்தது. அவள் மட்டும் ஏமாறவில்லை என்பதற்கு நீங்கள் ஒரு வரி ஆதாரம்கூடக் காட்டவில்லை. நீங்கள் காட்டுகிற பெர்த்ராந்த் 16-ஆம் நூற்றாண்டுக் குடியானவப் பெண் அல்ல, 20-ஆம் நூற்றாண்டு ஆசைப்படுகிற பெண். ஆதாரம்தான் வரலாற்றாசிரியருக்கு எஜமான். அதைத் தாண்டினால் அது நாவல்.

சுளீரென்று இருக்கிறதல்லவா? நான் முதலில் படித்தபோது ஃபின்லே பக்கம்தான் சாய்ந்தேன். "அவள் நினைத்திருப்பாள்" என்று எழுதுவது எவ்வளவு சுலபம், எவ்வளவு ஆபத்து என்று எனக்கு வீட்டிலேயே ஒரு பாடம் கிடைத்திருந்தது.

என் அம்மாவழிப் பூட்டிக்குச் சிவகங்கைப் பக்கம். அவருடைய கணவர் ரங்கூனுக்குப் போனவர். 1942-க்குப் பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. பூட்டி கடைசிவரை பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தார். சில வருஷங்களுக்கு முன் நான் குடும்ப வரலாறு என்று சில பக்கங்கள் எழுதினேன். அதில் "கணவர் திரும்பி வருவார் என்று கடைசி மூச்சுவரை காத்திருந்தார்" என்று ஒரு வரி. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டார்: "காத்துக்கிட்டு இருந்தாகன்னு உன்கிட்ட யாருடா சொன்னா? பொட்டை அழிச்சா புருசன் பங்குக் கொல்லையைக் கொழுந்தன்மாரு எடுத்துக்குவாகன்னுகூட இருந்திருக்கலாம்ல?"

எனக்குப் பேச்சே வரவில்லை. என் வரிக்கு ஆதாரம் இல்லை. சரி, பெரியம்மா சொன்னதற்கு ஆதாரம் உண்டா? அதற்கும் இல்லை. ஆனால் அது சும்மா வந்த ஊகம் இல்லை. அந்த ஊரில் கணவன் இல்லாத பெண்ணுக்கு நிலம் எப்படிக் கைவிட்டுப் போகும் என்று பார்த்துத் தெரிந்த ஒருவரின் ஊகம். இரண்டு ஊகமும் ஒரே எடை இல்லை என்பது எனக்கு அப்போது மங்கலாகத் தெரிந்தது. டேவிஸின் பதிலைப் படித்தபோதுதான் தெளிவாயிற்று.

அதே இதழிலேயே டேவிஸ் பதில் எழுதினார். மொந்தேன், அதாவது அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கட்டுரையாளர், இந்த வழக்கைக் குறிப்பிடும் ஒரு கட்டுரை உண்டு. "நொண்டிகளைப் பற்றி" என்று தலைப்பு. உண்மையை இவ்வளவு உறுதியாகத் தெரிந்ததாகச் சொல்லி ஒருவனைத் தூக்கில் போட்டுவிட்டீர்களே என்று அதில் நீதிமன்றத்தைக் குத்துகிறார். டேவிஸ் தன் பதிலுக்கும் அதே தலைப்பையே வைத்தார். உறுதி பேசுகிற ஃபின்லேவுக்கு இதைவிட நாசூக்கான ஊசி கிடையாது.

பதிலின் சாரம் இதுதான். கோராஸின் புத்தகம் ஒரே குரலில் பேசவில்லை. ஒரு பக்கம் பெர்த்ராந்த் பாவம், ஏமாந்தாள் என்கிறார். இன்னொரு பக்கம் சட்டையையும் கால் கழுவியதையும் சத்தியத்துக்கு முன் நின்ற மௌனத்தையும் அவரே பதிவு செய்கிறார். எது ஆதாரம்? முடிவா, விவரமா? தவிர, அவள் ஏமாந்தாள் என்று நீதிமன்றம் சொன்னதற்குக் காரணம் என்ன? பெண்கள் எளிதில் ஏமாறுகிறவர்கள் என்ற அன்றைய பொதுக் கருத்து அந்தத் தீர்ப்புக்குத் தோதாக இருந்தது. ஒரு குழந்தையின் பிறப்புரிமையும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி வந்த தீர்ப்பை அவள் மனசுக்குச் சாட்சியாக எடுப்பதும் ஒரு ஊகம்தானே? "அவள் ஏமாந்தாள்" என்பதும் மனசுக்குள் புகுந்து சொல்வதுதான். நமக்குப் பழகிப்போனதால் அது ஊகமாகத் தெரிவதில்லை.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஃபின்லே சொன்னது வீண் இல்லை. டேவிஸ் "இருக்கலாம்" என்று ஆரம்பித்த சில இடங்கள் பத்துப் பக்கம் கழித்து "இருந்தது" ஆகிவிடுகின்றன என்பது என் வாசிப்பு. படிக்கிறவருக்கு அந்த மாற்றம் கண்ணில் படாது, ஏனென்றால் அவர் அவ்வளவு நன்றாக எழுதுகிறார். ஆனால் டேவிஸ் முகவுரையிலேயே இதில் ஒரு பகுதி என் கற்பனை, ஆனால் பழைய குரல்கள் அதைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்கிற பொருளில் சொல்லிவிடுகிறார். அந்தக் கட்டு எப்படிப்பட்டது? ஆர்த்திகாவில் ஒருவரைப் பற்றி ஆவணம் கிடைக்காதபோது, அதே காலத்து, அதே வட்டாரத்து கல்யாண ஒப்பந்தம், உயில், நிலப் பத்திரம் என்று தேடிப்போய், அங்கிருந்த பெண்கள் என்னென்ன செய்ய முடிந்தது, எது முடியாது என்று எல்லை போடுகிறார். அந்த எல்லைக்குள்தான் ஊகம். என் பெரியம்மா பத்திரம் எதையும் புரட்டாமல் செய்ததும் அதைத்தான்.

அதனால் என் நிலை? பெர்த்ராந்துக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தோற்பதற்காக வழக்கில் சேர்ந்தாள் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. பயந்துபோய், மாட்டிக்கொண்ட ஒருத்தி ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிற்பாள். அதற்குத் திட்டம் வேண்டியதில்லை.

குடும்பப் பக்கங்களில் அந்த வரியை மாற்றிவிட்டேன். "கணவர் என்ன ஆனார் என்று தெரியாது. பூட்டி கடைசிவரை பொட்டு வைத்திருந்தார். நிலம் அவர் பெயரில் இல்லை." மூன்று வாக்கியம். முன்பிருந்த அளவுக்குக் கண் கலங்கவில்லை.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று. முதலில் டேவிஸின் புத்தகம், அப்புறம் ஃபின்லே, கடைசியில் டேவிஸின் பதில், இந்த வரிசையில் படியுங்கள். படத்தை எல்லாம் முடித்த பிறகு பாருங்கள். முதலில் பார்த்தால் நடிகர்களின் முகம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உரிக்கவே முடியாது. எனக்கு அதுதான் ஆயிற்று.

வங்காளத்திலும் இதே மாதிரி ஒரு வழக்கு உண்டு. 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பாவால் ஜமீன் குமாரர் ஒருவர், பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து டாக்காவில் சாமியாராக வந்து நின்றார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1946-இல்தான் முடிந்தது. அங்கே மனைவி கடைசிவரை "இவர் என் கணவர் இல்லை" என்றே சொன்னார். பார்த்தா சாட்டர்ஜி அதைப் பற்றி எழுதிய புத்தகம்தான் அடுத்த எபிசோடு. சந்திப்போம்.